வெள்ளைப்பனி விழாத இடம்

என் புருஷனுக்கு அசிங்கம் என்ற சொல்லே அசிங்கம். தேயிலை ஸ்டோரிலிருந்து வந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவார். துடைத்த துவாயை மோந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடுவார். சாப்பிடும்போது யாராவது வயிற்றுப்போக்கு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனிடம் ஒரு கக்கூஸ் தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வாயெடுக்கும்போதே எனக்குக் காது சூடாகிறது.

அவர் பெயர் முத்துலிங்கம். ஊசிமலைத் தோட்டத்து டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்து தூளாகி வெளியே போகும்வரை ஸ்டோரில் அவர் வைத்ததுதான் சட்டம். பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கிச் சரிவைப் பார்த்தால் மூடுபனிக்குள் தெரிந்தும் தெரியாமலும் கிடக்கிற தோட்டம் அது. அறுபதாம் வருஷக் கடைசியில் வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அவர் இருந்த சின்ன பங்களாவைப் பெரியதுரை எங்களுக்குக் கொடுத்தார்.

இங்கே மாற்றலாகி வருமுன் பொகவந்தலாவையில் இருந்தவரை மழையென்றாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகைக் கக்கூசுக்கு ஓடவேண்டும். இங்கேயோ வீட்டுக்குள்ளேயே வெள்ளைப் பீங்கான் கொமட்! சங்கிலியை இழுத்தால் தண்ணீர் சோவென்று கொட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். வந்த புதிதில் சும்மா சும்மா இழுத்துப் பார்ப்பேன்.

"நாகலெட்சுமி, என்னா அது, வெளையாட்டுச் சாமானா?" என்று உள்ளேயிருந்து கத்துவார்.

"இதெல்லாம் எங்கங்க போவுது?"

"மண்ணுக்குள்ள போவுது. வேற பேச்சே கெடைக்கலியா ஒனக்கு?"

சின்னத்துரைக்குச் சமைத்துப்போட்ட பழைய பங்களா அப்பு வேலையை விட்டுப் போகுமுன் அவரைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் என்னவோ காட்டினான். திரும்பி வந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே எனக்குச் சட்டம் போட்டார். பினாயில் ஊற்றக்கூடாது. அடுப்புச் சாம்பல் கொட்டக்கூடாது. துணி, தலைமயிர், எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றும் உள்ளே போகக்கூடாது.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்காம். அதுதான் எல்லாத்தையும் தின்னு கரைக்குதாம். பினாயில ஊத்தினா அது செத்துப் போயிரும்."

என் பங்குச் சட்டத்தை நான் ஒழுங்காகக் காப்பாற்றினேன். அவருக்கென்று அப்பு சொல்லிப்போன வேலை ஒன்று இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. தொட்டிக்குள் அடியில் தங்குகிற கசடைச் சில வருஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து அள்ளவேண்டும். அள்ளாவிட்டால் கசடு, தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற அடுத்த குழிக்குப் போய் அதை அடைத்துவிடும், தண்ணீர் இறங்காது. சின்னத்துரை இருந்த கடைசிக் காலத்திலேயே அது செய்யப்படவில்லையாம். இவர் செய்வாரா? அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்த தை மாதம் எங்கள் சரிவில் வெள்ளைப்பனி விழுந்தது. விடிந்து கதவைத் திறந்தால் புல், தேயிலை, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரம், வேலிக்கம்பி எல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளை. எங்கள் வேலிக்குக் கீழே, டர்பன்டைன் மரத்தடியில், ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போகிற நடைபாதையை ஒட்டி ஓரிடம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. அந்த இடத்திலிருந்து லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற சோலைமலை. மலைக்குப் போகிற வழியில் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டானாம். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சாமி உண்டு. கவ்வாத்து மலையில் கவ்வாத்துசாமி, ஸ்டோர்ச் சக்கரத்துக்கு ரோதமுனி. ஊரே பனியில் விறைத்துக் கிடக்கும்போது சூடாக இருக்கிற இடத்தில் சாமி இல்லாமல் போகுமா? அடுத்த வெள்ளிக்கிழமை ஓடையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து அங்கே நட்டு, சிவப்புத் துணி கட்டி, சூலம் ஒன்றும் குத்திவிட்டார்கள். பனிமுனி என்று பெயரும் வைத்தாயிற்று.

எனக்குச் சந்தோஷம்தான். குசினி ஜன்னலைத் திறந்தால் நேரே சாமி! பங்களாத் தோட்டத்துச் செவ்வந்தியைப் பறித்துக் கொடுப்பேன். சோலைமலையின் பெண்டாட்டி வேலாயி, கொழுந்தெடுக்கிறவள், வெள்ளி தவறாமல் பூ வாங்கப் பின்கதவுக்கு வருவாள். அவள் இடுப்பில் பூரணி உட்கார்ந்திருக்கும். எலும்பும் தோலுமான பெண்குழந்தை, கண்கள் மட்டும் பெரிசு. அதற்கு முன்னால் பெற்றதெல்லாம் தங்கவில்லை. இதையாவது தங்கவைக்கச் சொல்லித்தான் அவள் முனியிடம் நேர்ந்திருந்தாள்.

மழை பெய்யாத மாசியிலும் கல்லுக்குக் கீழே, சரிவின் விளிம்பில் தண்ணீர் கசிந்தது. நூல் மாதிரி வந்தது, பார்க்கத் தெளிவாகவும் இருந்தது. ஒரு மூங்கில் பிளவைச் செருகி அதை ஒழுகவிட்டார்கள். தீர்த்தம் என்றார்கள். கொஞ்சம் வாடை அடித்தது. மண்வாடை என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். சூடமும் சாம்பிராணியும் புகையும் இடத்தில் யாருக்கு என்ன தெரியும்? பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லையென்று வேலாயி சொன்னபோது வீட்டிலிருந்த பித்தளைச் செம்பை நானே எடுத்துக் கொடுத்தேன். புண்ணியம் என்று நினைத்தேன், பாவி.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் கீழே போகக் கிளம்பினேன். இவர் வாசலில் மறித்துக்கொண்டார்.

"கும்புட்டுட்டு வா. அந்தத் தண்ணிய மட்டும் வாயில வைக்காத."

"ஏன்? எல்லாரும்தான் குடிக்கிறாங்க."

"குளிர் தண்ணி. ஒனக்குச் சளி புடிக்கும். சொன்னா கேளு."

என்ன அக்கறை பார் என்று உள்ளூரக் குளிர்ந்துபோனேன். தீர்த்தத்தைத் தலையில் மட்டும் தெளித்துக்கொண்டு வந்துவிட்டேன். இவரோ ஸ்டோருக்குப் போக அந்த நடைபாதையையே விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போய்வந்தார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். நம்பினேன். நான் ஒரு மடச்சி.

சித்திரை மழை தொடங்கியதும் கொமட் வேலையைக் காட்டியது. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் இறங்காமல் மேலே மேலே வந்தது. நான் அலறிக்கொண்டு வாளியோடு ஓடுவேன். கொஞ்ச நேரம் மினக்கெட்டு, களக் களக்கென்று சத்தம் போட்டுவிட்டு இறங்கும். ஆள் விட்டுப் பார்க்கச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அது இறங்கவே இல்லை. தரையெல்லாம் வழிந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

"இந்தாங்க, டீமேக்கர் தொர! வந்து பாருங்க ஒங்க பங்களா லட்சணத்த. எங்க அடச்சிருக்குன்னு இன்னைக்கு நீங்க சொல்லியே ஆவணும். இல்லாட்டி நான் பெரியதொரகிட்ட போயி நிப்பேன்."

பெரியதுரை என்றதும் முகம் வெளுத்துவிட்டது. மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு, "தொட்டி நெறஞ்சிருச்சி" என்றார்.

"தொட்டி எங்க இருக்கு?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். வேலி. வேலிக்குக் கீழே டர்பன்டைன் மரம். மரத்தடியில் சிவப்புத் துணி, சூலம், கல். கல்லைச் சுற்றி ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கங்க?" என்றேன் மறுபடியும். அவர் பார்வை அங்கேயே நின்றது.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கல்லு..."

"மூடி மேலதான் இருக்கு. மண்ணு மூடிக் கெடந்ததால அவங்களுக்குத் தெரியல. உள்ள இருக்கிறது எப்பவும் சூடாத்தான் இருக்கும். அதனாலதான் பனி புடிக்கல."

"அந்தத் தண்ணி?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பயிருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"கல்லு நட்ட அன்னைக்கே. அன்னைக்கே சொல்லியிருக்கணும் நாகலெட்சுமி. டீமேக்கர் வீட்டுக் கக்கூசு மேல சாமி வச்சிருக்கீங்கன்னு எந்த வாயால சொல்றது? சிரிப்பாங்களே! அப்பறம் தண்ணியக் குடிக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்பறம் எப்புடிச் சொல்றது? சொல்லவே முடியல."

"எனக்குச் சளி புடிக்கும்னு மட்டும் சொல்ல முடிஞ்சிச்சா?"

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. அதைவிட, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகவேண்டும் போல இருந்தது. கட்டின பெண்டாட்டியைத் தடுக்கத் தெரிந்த மனுஷன் லயத்துச் சனத்தைக் குடிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். வேடிக்கை கூடப் பார்க்கவில்லை, பார்க்கச் சகிக்காமல் ரோட்டு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறார்.

அப்போதுதான் எனக்குப் பூரணியின் நினைவு வந்தது. முந்தின நாள் வேலாயி பின்கதவுக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். பிள்ளைக்கு நிற்காத கழிச்சல். டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி. காலையிலும் மாலையிலும் தீர்த்தம் மட்டும் விடாமல் கொடுத்துவருகிறேன், நாளைக்கு வெள்ளிக்கிழமை, முனி காலடியில் கிடத்தப்போகிறேன் என்று சொன்னாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாக் குடுடி, எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, சரிவில் சறுக்கி, சேலையெல்லாம் சேறாகப் போய் நின்றேன். கல்லுக்கு முன்னால் சாக்கு விரித்து அதில் பூரணியைக் கிடத்தியிருந்தார்கள். பிள்ளையின் கண் குழிவிழுந்து, உதடு காய்ந்து கிடந்தது. வேலாயி அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு செம்பை வாயருகே கொண்டுபோனாள். பாய்ந்து தட்டிவிட்டேன். செம்பு உருண்டு போய்க் கானில் விழுந்தது.

"அடியாத்தி!" என்று யாரோ கத்தினார்கள். வேலாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாம்மா இது? சாமித் தண்ணிம்மா!"

"தண்ணி கெட்டுப்போச்சு வேலாயி. குடுக்காத."

"சாமித் தண்ணி எப்புடிம்மா கெட்டுப்போவும்?"

சுற்றிலும் முகங்கள். வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் நின்றவர்கள், கொழுந்துக்கூடையோடு வந்த பெண்கள், கையில் சூடத்தட்டோடு சோலைமலை. சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. தொண்டையில் சொல் வரவில்லை. மூன்று மாசமாக என் புருஷன் தொண்டையில் சிக்கியிருந்த அதே சொல். அவரை மேலே நின்று அவ்வளவு ஏசிவிட்டு வந்தவளுக்கு, இங்கே நின்றபோது வாய் கட்டிப்போயிற்று. பிள்ளை லேசாக முனகியது. அந்தச் சத்தம் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இது எங்க வீட்டுக் கக்கூசுத் தொட்டி. கல்லுக்கு அடியில எங்க கக்கூசுத் தொட்டிதான் இருக்கு. இது அதுல இருந்து கசியிற தண்ணி."

பின்னால் நின்ற ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி, பக்கத்திலிருந்தவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இன்னொருத்தி மரத்தடியில் குனிந்து குமட்டினாள். வேலாயி தன் விரல்களைச் சேலையில் துடைத்தாள். பிறகு பிள்ளையின் உதட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சோலைமலைதான் கேட்டான். "ஐயாவுக்குத் தெரியுமாங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். இவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், லேஞ்சி இன்னும் கையில். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். தெரியாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் மானம் தப்பிக்கும். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லமாட்டேன் என்று நம்பியிருப்பார் பாவம்.

"தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததையும் சொல்லவேண்டும், மறைத்து என்ன? திரும்பி ஓடினார். வீட்டுக்குள் ஒளியத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். ஸ்டோருக்கு ஓடி, தேயிலைப் பெட்டி ஏற்ற நின்ற லொறியைப் பெட்டிகளை இறக்கச் சொல்லித் திருப்பிக்கொண்டு வந்தார். பூரணியையும் வேலாயியையும் சோலைமலையையும் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இவர் முன்சீட்டைக் காட்டினார். வேலாயி அவரைத் தாண்டிப்போய்ப் பின்னால் பலகையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிள்ளைக்கு ஊசி மூலம் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை நழுவியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சோலைமலை வந்து சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. லயத்தில் சொன்னான். பால்காரன் வழியாக எனக்குத் தெரியவந்தது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு ஒருவரும் வரவில்லை. பூக்கள் செடியிலேயே காய்ந்தன. கொமட்டைப் பலகை போட்டு மூடிவிட்டு, டீமேக்கர் ஐயாவும் டீமேக்கரம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு டர்பன்டைன் காட்டுக்குள் போனோம். போகிற வழியில் கொழுந்துக்காரிகள் எதிரே வந்தால் நான் குடையைத் தாழ்த்திக்கொள்வேன். அவர்கள் சிரித்தால்கூடப் பரவாயில்லை. தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை.

தொட்டியைத் திறக்கவேண்டும். மூடியின் மேல் கல் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, நாங்களும் தொடவில்லை. பெரட்டில் ஆள் கேட்க இவருக்கு முகமில்லை.

"ஆள் ஒண்ணும் வேணாம்" என்றேன். "நம்ம வீட்டுது. நீங்கதான் அள்ளணும். மொதல்ல லயத்துக்குப் போயி கேட்டுட்டு வாங்க."

"நானா? லயத்துக்கா?"

"நான்தான் போவணும்னா போறேன். அப்பறம் ஊரெல்லாம் என்னா சொல்லும்னு நீங்களே யோசிச்சுக்கங்க."

போனார். சோலைமலையின் காம்பரா வாசலில் நின்று என்ன பேசினாரோ, என்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டாராம். அவன், "கல்ல நாங்க எடுத்துக்கிறோங்க" என்று மட்டும் சொன்னானாம். உட்காரச் சொல்லவில்லையாம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். எனக்கு இரக்கமும் வந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

பூரணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள், சோலைமலையும் வேலாயியும் மட்டும். வேலாயி இடுப்பில் பிள்ளை. கையில் மஞ்சள் கரைத்த தண்ணீர். இவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, வெறுங்காலோடு, மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். முகத்தில் லேஞ்சி கட்டச் சொல்லியிருந்தேன். கட்டவில்லை. மேலே நடைபாதையில் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலாயி சூடம் ஏற்றினாள். சாமியிடம் என்னவோ முணுமுணுத்தாள், எனக்குக் கேட்கவில்லை. சோலைமலை சூலத்தைப் பிடுங்கினான். கல் ஆழமாகப் புதைந்திருந்தது, அசைத்துப் பார்த்தான், வரவில்லை. நான் சும்மா நிற்கமாட்டாதவள். இவ்வளவு செய்துவிட்டு ஒரு கையாவது கொடுக்கவேண்டாமா? குனிந்து கல்லின் மறுபக்கத்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"வேணாம்மா" என்றாள் வேலாயி. "சாமிய நீங்க தொடாதீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், வழக்கம்போல. தன் பிள்ளையிடம் அடுப்பைத் தொடாதே என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

பிள்ளையைப் புல்லில் உட்காரவைத்துவிட்டு வேலாயியே போய்ப் பிடித்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கல்லைப் பெயர்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புதுத் துணியில் சுற்றி, கல்லை அவனும் பிள்ளையை அவளுமாகத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கினார்கள். மேலே நின்றவர்களும் அவர்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

கல் இருந்த குழியில் சிமெந்து மூடியின் ஒரு மூலை தெரிந்தது. இவர் மண்ணை வெட்டி ஒதுக்கினார். இரும்பு வளையம் இரண்டு பக்கமும் துருப்பிடித்துக் கிடந்தது.

"நாகலெட்சுமி, அந்தப் பக்கம் புடி" என்றார்.

பிடித்தேன். இரண்டு பேருமாக எங்கள் தொட்டியின் மூடியைத் தூக்கினோம்.